துணை வாகனத்தோடு நெடுந்தூர சைக்கிள் பயணம்: சென்னை முதல் குமரி வரை சாலைகளைத் தேர்ந்தெடுக்கும் முறை

நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்கு ஒரு காரோ வேனோ துணையாக வருகிறது என்றதும் பல குழுக்கள் சாலையைப் பற்றிய கவலையைப் பாதியாகக் குறைத்துக்கொள்கின்றன. பின்னால் வண்டி காவலாக வரும், ஆகவே கைபேசி வரைபடம் காருக்குக் காட்டும் வழியிலேயே போய்விடலாம் என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். பயணத்தின் பெரிய ஆபத்து இந்த முடிவிலிருந்துதான் தொடங்குகிறது. காருக்கு நல்ல சாலை என்பது வேகமாகப் போகக்கூடிய சாலை. சைக்கிளுக்கு நல்ல சாலை என்பது மற்றவர்களால் வேகமாகப் போக முடியாத சாலை, அல்லது அவர்கள் வேகமாகப் போனாலும் நாம் ஒதுங்கிச் செல்ல இடமுள்ள சாலை. இவை இரண்டும் ஒன்றாக அமைவது அரிது. எனவே முதலில் சைக்கிளுக்கு உரிய வழியைத் தனியாகத் தீர்மானித்துவிட்டு, அந்த வழியில் எந்தெந்த இடங்களில் வாகனம் வந்து சந்திக்க வேண்டும் என்பதை அதன் பின் தீர்மானிக்க வேண்டும்.

சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குத் தெற்கு நோக்கி ஐந்தாறு பேர் ஒரு வேனின் துணையோடு செல்லும் பயணத்தை முன்வைத்து இந்த முறை இங்கே விளக்கப்படுகிறது. திண்டிவனம், விழுப்புரம், திருச்சி, மதுரை, திருநெல்வேலி வழியாகச் செல்லும் நான்குவழிச் சாலையில் இது ஏறத்தாழ 700 கிலோமீட்டர். கடற்கரையையும் காவிரிப் படுகையையும் தொட்டுச் செல்லும் வழியில் தூரம் கூடும். ஆயினும் சைக்கிளுக்கு அந்த வழியையே பரிந்துரைப்பேன்.

அகலத்தைக் கணக்கிடுதல்

சாலையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதன் அகலம். நம் நாட்டில் ஒருவழித் தடமாகப் போடப்படும் கிராமச் சாலையின் தார்ப்பரப்பு சுமார் 3.75 மீட்டர், அதற்கு அடுத்த நிலையில் உள்ள இடைவழிச் சாலை 5.5 மீட்டர், இருவழிச் சாலை 7 மீட்டர். ஒரு பேருந்தின் அகலம் ஏறத்தாழ 2.5 மீட்டர். ஆக, 7 மீட்டர் சாலையில் இரண்டு பேருந்துகள் எதிரெதிரே கடக்கும்போது 5 மீட்டர் அவற்றுக்கே போய்விடுகிறது. மிஞ்சும் 2 மீட்டரில் ஒரு பகுதி பேருந்துகளுக்கு நடுவிலும் மற்றது இரு ஓரங்களிலுமாகப் பிரிந்துபோக, சைக்கிளுக்கு எஞ்சுவது ஒரு கைப்பிடியின் அகலம்தான். அதே நேரத்தில் அந்தச் சாலை எண்பது கிலோமீட்டர் வேகத்துக்கு இடம்கொடுக்கிறது. ஓரத்தில் தார்ப்பகுதி இல்லாத, பேருந்து மிகுந்த இருவழி நெடுஞ்சாலையே சைக்கிளுக்கு எல்லாவற்றிலும் மோசமானது என்று சொல்வது இதனால்தான். எதிரே வரும் பேருந்து இன்னொன்றை முந்துவதற்காக நம் தடத்துக்குள் ஏறி வரும்போது, சைக்கிளை அவர்கள் வாகனமாகவே எண்ணுவதில்லை என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மாறாக, 5.5 மீட்டர் இடைவழிச் சாலையில் இரண்டு பெரிய வண்டிகள் ஒன்றையொன்று கடக்க வேண்டுமானால் இரண்டுமே வேகத்தைக் குறைத்தாக வேண்டும். குறுகலாக இருப்பதே அங்கே நமக்குப் பாதுகாப்பு. இருவழிச் சாலையின் இரு புறமும் ஒன்றரை மீட்டர் தார் ஓரம் சேர்ந்து மொத்தம் 10 மீட்டராக இருந்தால் அதுவும் நல்ல சாலைதான். நான்குவழிச் சாலையில் வெள்ளைக் கோட்டுக்கு இடப்புறம் அகலமான தார் ஓரம் இருந்தால், அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சத்தமும் வெப்பமும் சலிப்பூட்டுமே தவிர, அந்த ஓரத்துக்குள் இருக்கும்வரை எதிர்வரும் வண்டியின் தொல்லை இல்லை. என் வரிசை இது: நான்குவழிச் சாலைக்கு இணையாக ஓடி, அதன் வரவால் போக்குவரத்து குறைந்துபோன பழைய சாலை முதலாவது, ஆற்றங்கரை, வாய்க்கால் கரை, ஏரிக்கரைகளை ஒட்டிய மாவட்டச் சாலை இரண்டாவது, ஓரமுள்ள நான்குவழிச் சாலை, அதுவும் காலை வேளையில், மூன்றாவது, ஓரமில்லாத இருவழி நெடுஞ்சாலை கடைசி.

சாலையின் வகையைக் களத்தில் அறியக் கிலோமீட்டர் கல்லின் தலைப்பகுதி உதவும். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் ஊரகச் சாலைத் திட்டத்தில் போடப்பட்டது. மாவட்டச் சாலைகளில் நீலமோ கறுப்போ இருக்கும். ஆனால் வகையை வைத்து மட்டும் பாதுகாப்பைச் சொல்லிவிட முடியாது. மாநில நெடுஞ்சாலை என்ற பெயரில் நாள் முழுதும் ஆள் அரவமற்றுக் கிடக்கும் சாலைகளும் உண்டு, பஞ்சாயத்துச் சாலை என்ற பெயரில் கல்குவாரி லாரிகள் இரவு பகலாக ஓடும் சாலைகளும் உண்டு.

வரைபடத்தில் தேடவேண்டியவை

கைபேசி வரைபடத்தில் போக்குவரத்து நிலையைக் காட்டும் பச்சைக் கோடு சைக்கிள் ஓட்டுபவரை ஏமாற்றும். வண்டிகள் தடையின்றி ஓடுகின்றன என்பதைத்தான் அது சொல்கிறது. எத்தனை வண்டிகள், எவ்வளவு பெரியவை என்பதைச் சொல்வதில்லை. செயற்கைக்கோள் படத்தை விரித்து, சாலையின் இரு பக்கமும் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு என்ன தொழில் நடக்கிறது என்று பார்ப்பதே பயன் தரும். வெளிறிய பெரும் பள்ளங்கள் தெரிந்தால் கல்குவாரி. அங்கிருந்து நெடுஞ்சாலைக்கு வரும் ஒவ்வொரு சாலையும் டிப்பர் லாரிகளின் சாலை. அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கம் வரைபடத்தில் அமைதியாகத் தோன்றும் பல சாலைகள் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளின் தடங்கள். சர்க்கரை ஆலை இருந்தால், அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் விளக்கின்றி விடியற்காலையில் வரிசையாகப் போகும். செங்கல் சூளை, அனல்மின் நிலையம், துறைமுகம், உப்பளம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அதற்கேயுரிய வண்டிகளும் அதற்கேயுரிய நேரமும் உண்டு.

சைக்கிள் ஓட்டுபவர்கள் அதிகம் சென்ற தடங்களை வண்ணமிட்டுக் காட்டும் ஸ்ட்ராவா செயலியின் வெப்ப வரைபடம் உதவும், ஆனால் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை அந்தக் கோடு தடித்து ஒளிர்வதற்குக் காரணம், சென்னைக்காரர்கள் விடியற்காலையில் அங்கே பயிற்சிக்குச் செல்வதுதான். அதே சாலையில் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் புதுச்சேரி நோக்கிச் செல்லும் கார்களும் பைக்குகளும் எவ்வளவு விரைகின்றன என்பதை வரைபடம் சொல்லாது. அந்தச் சாலையில் புறப்படுவதென்றால் செவ்வாய், புதன் போன்ற வார நாளில், பொழுது புலரும் வேளையில் புறப்பட வேண்டும்.

படங்கள் பழையனவாக இருக்கக்கூடும் என்பதையும் மறக்கக் கூடாது. மாமல்லபுரம்–புதுச்சேரி இடையிலும், புதுச்சேரி–கடலூர்–நாகப்பட்டினம் வழியிலும் நான்குவழியாக்கும் பணி பகுதி பகுதியாக நடந்து வந்திருக்கிறது. பணி முடிந்த பகுதி அருமையாக இருக்கும். முடியாத பகுதியில் ஜல்லி, புழுதி, திடீர் மாற்றுப்பாதை, ஒரே தடத்தில் இரு திசைப் போக்குவரத்து எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். பணி நடக்கும் நெடுஞ்சாலையைவிட அதே தூரத்துக்குக் கிராமங்களுக்குள் சுற்றிப்போகும் சாலை எப்போதும் மேலானது.

வாகனத்தை முன்னே அனுப்புதல்

துணை வாகனத்தின் தலையாய பயன் தண்ணீரும் வாழைப்பழமும் சுமப்பதன்று, உளவு பார்ப்பதே. மாலையில் தங்குமிடம் சேர்ந்ததும், களைப்பில்லாத ஒருவர் ஓட்டுநரோடு மறுநாள் வழியில் முதல் முப்பது நாற்பது கிலோமீட்டரையாவது ஓடிப் பார்த்து வர வேண்டும். அவர் குறித்துவர வேண்டியவை: தார் ஓரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, குறுகிய பாலங்கள், வெள்ளை பூசாத வேகத்தடைகள், ரயில்வே கேட், சாலைப் பணி, கடைகளும் நிழலும் உள்ள இடங்கள். வண்டியின் தூரமானியைப் பார்த்து இவற்றைக் கிலோமீட்டர் கணக்கில் எழுதி வந்தால், மறுநாள் சைக்கிளின் மீட்டரோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

சந்தேகமான சாலையில் ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தி, பத்து நிமிடத்தில் ஒரு திசையில் போகும் பேருந்துகளையும் லாரிகளையும் எண்ணச் சொல்லுங்கள். ஓரமில்லாத 7 மீட்டர் சாலையில் அந்த எண்ணிக்கை பத்தைத் தாண்டினால் அச்சாலையை விட்டுவிடுவது என்பது நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவு. இது எந்த நூலிலும் உள்ள விதியன்று. ஆனால் நிமிடத்துக்கு ஒரு பெரிய வண்டி முதுகுக்குப் பின்னால் வரும் சாலையில் ஒருவரால் இரண்டு மணி நேரம் நிதானமாக ஓட்ட முடியாது.

உள்ளூர்க்காரர்களிடம் கேட்பதிலும் ஒரு முறை உண்டு. "ரோடு நல்லா இருக்குமா?" என்று கேட்டால், "சூப்பரா இருக்கும் தம்பி, கார் சும்மா பறக்கும்" என்ற பதில்தான் வரும். அதற்குப் பதிலாக, "அண்ணே, இந்த ரோட்டுல டிப்பர் ஓடுமா? கரும்பு லோடு எந்தப் பக்கம் போகும்? ஸ்கூல் பசங்க சைக்கிள்ல எந்த வழியா போறாங்க?" என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு வரும் விடை பெரும்பாலும் நாம் தேடும் சாலையாகவே இருக்கும். பால்காரரும் டவுன் பஸ் ஓட்டுநரும் இவ்விஷயத்தில் நம்பத்தகுந்தவர்கள். லாட்ஜ் வரவேற்பறையில் இருப்பவர் பைபாஸைத்தான் சொல்வார்.

இரண்டு வழி, ஒரு சந்திப்பு

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் செல்லும் கட்டம் இந்த முறைக்கு நல்ல உதாரணம். வாகனம் பாபநாசம், அய்யம்பேட்டை வழியாக நெடுஞ்சாலையில் சென்றுவிடலாம். சைக்கிள்கள் சுவாமிமலை, கபிஸ்தலம் வழியாகக் காவிரியை ஒட்டிச் செல்லும் பூம்புகார்–கல்லணை சாலையைப் பிடித்துத் திருவையாறு சேர்ந்து, அங்கிருந்து தெற்கே திரும்பித் தஞ்சை அடையலாம். தூரம் சற்றுக் கூடும். வளைவுகளும் ஊர்களும் அதிகம் என்பதால் வண்டிகளின் வேகம் குறைவு. பாபநாசத்திலிருந்து கபிஸ்தலத்துக்குச் சில கிலோமீட்டரில் இணைப்புச் சாலை இருப்பதால், நடுவழியில் வாகனம் அங்கே வந்து தண்ணீர் தந்துவிட்டு மீண்டும் தன் வழிக்குத் திரும்பிவிடலாம். இவ்வாறு நெடுஞ்சாலையையும் உட்சாலையையும் ஏணிப்படிபோல் இணைக்கும் குறுக்குச் சாலைகள் எங்கெங்கே உள்ளன என்று பார்த்து, அந்தப் படிகளில் சந்திப்பிடங்களை வைப்பதுதான் திட்டமிடலின் உயிர்நாடி. ஒரே எச்சரிக்கை, தியாகராஜ ஆராதனை நடக்கும் நாட்களில் திருவையாற்றில் கார்கள் நெருக்கும். அந்நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

சிதம்பரத்திலிருந்து கும்பகோணம் செல்லவும் இப்படியே இரண்டு வழி உண்டு. சீர்காழி, மயிலாடுதுறை வழி பேருந்துகள் மிகுந்தது. காட்டுமன்னார்கோயில், அணைக்கரை, திருப்பனந்தாள் வழியாகவும் செல்லலாம். அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே, 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையோடு சேர்ந்த பழைய பாலம் மிகக் குறுகலானது. அங்கே மட்டும் வாகனம் சைக்கிள்களுக்குப் பின்னால் எச்சரிக்கை விளக்கோடு மெதுவாக வருவது பொருத்தம்.

சந்திப்பிடங்களுக்கு இடையே பத்து முதல் பதினைந்து கிலோமீட்டர் இருந்தால் போதும். வெயில் ஏறியபின் எட்டாகக் குறைக்கலாம். பெட்ரோல் பங்க், கோயில் திடல், பள்ளிக்கூட வாசல், நெல் கொள்முதல் நிலையத்தின் களம் போன்ற, சாலையை விட்டு முழுதாக இறங்கி நிற்கக்கூடிய இடமாகவே இருக்க வேண்டும். வளைவிலும் பாலத்தின் ஏற்றத்திலும் நிறுத்தக் கூடாது. தார் ஓரத்தில் வண்டியை நிறுத்தினால், நாம் ஒதுங்கி வந்துகொண்டிருக்கும் பாதையை நாமே அடைத்து, சைக்கிளை லாரியின் முன் தள்ளுகிறோம் என்று பொருள். இறங்குபவர்கள் இடப்பக்கக் கதவை மட்டும் திறக்க வேண்டும்.

பின்னாலேயே வருவது ஏன் கூடாது

மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிளின் பின்னால் ஊர்ந்து வரும் வேன், சைக்கிளைப் பாதுகாப்பதுபோல் தோன்றும். உண்மையில் அது சாலையின் பாதியை அடைத்துக்கொள்கிறது. பின்னால் வருபவர் இப்போது சைக்கிளை மட்டுமல்ல, வேனையும் சேர்த்துப் பன்னிரண்டு பதினைந்து மீட்டர் நீளத்தை முந்த வேண்டும். எதிர்த் தடத்தில் அவர் இருக்கும் நேரம் கூடுகிறது. எதிரே வண்டி வந்துவிட்டால் அவர் நுழைவதற்கு இருக்கும் ஒரே இடைவெளி வேனுக்கு முன்னால், அதாவது நாம் இருக்கும் இடம். மேலும், வேன் மறைப்பதால் பின்னால் வரும் ஓட்டுநருக்கு சைக்கிள் கடைசி நொடிவரை தெரிவதில்லை.

நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தின் பழைய மரபான பிரவே பயணங்களின் விதியும் இதையொட்டியே இருக்கிறது. 200 கிலோமீட்டரை 13.5 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய அப்பயணங்களில், துணை வாகனம் கட்டுப்பாட்டு நிலையங்களில் மட்டுமே உதவலாம், வழியில் கூடவே வரக் கூடாது. அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் ராம் போட்டியில் இரவில் வாகனம் பின்தொடர்வது கட்டாயம் என்பதைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அது இரவும் பகலும் ஓடியே தீரவேண்டிய போட்டி. சுற்றுலாவாகப் போகும் நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இருட்டுவதற்குள் நிறுத்திவிடுவதே நமக்கான விதி. அடர்ந்த மூடுபனி, குறுகிய நீண்ட பாலம், எதிர்பாராத தாமதத்தால் அந்தி மங்கியபின் எஞ்சிய ஓரிரு கிலோமீட்டர் ஆகிய மூன்றுக்கு மட்டும் பின்தொடர்தலை அனுமதிக்கலாம்.

நான்குவழிச் சாலையில் இன்னொரு சிக்கல் உண்டு. முன்னால் போய்விட்ட வாகனம் பின்னால் பஞ்சராகி நிற்பவரிடம் திரும்பி வர வேண்டுமானால் நடுத்தடுப்பில் அடுத்த இடைவெளி வரை சென்று, எதிர்த் திசையில் பின்னோக்கி வந்து, மீண்டும் ஒருமுறை திரும்ப வேண்டும். இதில் அரைமணி நேரம் போகலாம். பொறுமையிழந்து ஓரத்திலேயே எதிர்த்திசையில் ஓட்டிவரும் பழக்கத்துக்கு எந்த நிலையிலும் இடம்தரக் கூடாது. ஆகவே ஒவ்வொருவரிடமும் டியூப், பம்பு, இரண்டு பாட்டில் தண்ணீர், கையில் கொஞ்சம் பணம் இருக்க வேண்டும். வாகனம் இல்லாமல் ஒரு மணி நேரம் சமாளிக்கத் தெரிந்தவராகவே எவரும் புறப்பட வேண்டும். கடைசியாக வருபவர் இன்னார் என்று முன்பே முடிவு செய்துவிட்டால், அவர் வந்து சேரும்வரை வாகனம் நகர வேண்டியதில்லை.

நேரமும் காற்றும் காலமும்

தை, மாசி மாதங்கள் இந்த வழிக்கு ஏற்றவை. மழை ஓய்ந்திருக்கும், வெயில் முற்றியிருக்காது, கடற்கரையில் வடகிழக்குக் காற்று முதுகைத் தள்ளும். ஆனால் அதே பருவத்தில் பொங்கலுக்கு முன்னும் பின்னும் சில நாட்கள் சென்னையிலிருந்து தெற்கே செல்லும் எல்லாச் சாலைகளும் நிரம்பி வழியும். டெல்டாவில் சம்பா அறுவடை நடப்பதால் வைக்கோலும் நெல்லும் தார்ச்சாலையில் காய்ந்துகொண்டிருக்கும். நெல்மணிகள் மீது மெல்லிய டயர் மணலில் போல வழுக்கும், அங்கே திடீரென்று பிரேக் பிடிக்கக் கூடாது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் தைப்பூசத்துக்கு முன் பழனிக்குக் காவடியோடு நடந்து செல்வோர் விடியும் முன்பே சாலையோரத்தை நிறைத்திருப்பார்கள். அவர்கள் நடக்கும் ஓரம்தான் நாம் ஓட்டும் ஓரமும். அந்த வாரத்தில் அந்தப் பகுதியைக் கடப்பதாக இருந்தால் வெளிச்சம் நன்றாக வந்தபின் புறப்பட வேண்டும்.

ஆனி முதல் ஆவணி வரை கயத்தாறு, முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பகுதிகளைத் தவிர்த்துவிடுங்கள். காற்றாலைகளை அங்கே ஏன் நட்டிருக்கிறார்கள் என்பது சைக்கிளில் போனால் உடனே விளங்கும். தெற்கு நோக்கிச் செல்பவருக்கு மேற்குக் காற்று வலப்புறமிருந்து அடிக்கிறது. அதைச் சமாளிக்க உடல் தானாகவே வலப்பக்கம் சாய்கிறது. அந்நேரம் வலப்புறமாக ஒரு லாரி கடந்தால் அது காற்றை நொடிப்பொழுது மறைத்துவிடும். சாய்ந்திருக்கும் சைக்கிள் லாரியை நோக்கியே இழுக்கப்படும். எவ்வளவு அகலமான ஓரம் இருந்தாலும் இந்த ஆபத்து நீங்காது.

நாளுக்குள்ளும் நேரம் பார்க்க வேண்டும். காலை ஆறேகால் முதல் எட்டு வரை பொன்னான நேரம். எட்டு முதல் ஒன்பதரை வரை பள்ளி, கல்லூரிப் பேருந்துகள் ஓடும். அந்த நேரத்தை டிபனுக்கு ஒதுக்குவது இரு வகையிலும் லாபம். கிழக்கு நோக்கிச் செல்லும் பகுதியாக இருந்தால் சூரியன் சற்று மேலேறும்வரை காத்திருக்க வேண்டும், பின்னால் வரும் ஓட்டுநரின் கண் கூசும்போது நாம் அவருக்குத் தெரிய மாட்டோம். மேற்கு நோக்கிச் செல்லும்போது இதே சங்கடம் மாலையில். டாஸ்மாக் கடைகள் நண்பகல் 12 மணிக்குத் திறக்கின்றன. மாலை ஐந்து மணிக்குமேல் இருசக்கர வாகனங்களின் போக்கு எப்படி மாறும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. நாளின் ஓட்டத்தைப் பதினொன்றரைக்குள் முடித்துக்கொள்வதும், எஞ்சியதை வேண்டுமானால் மூன்றிலிருந்து ஐந்துவரை வைத்துக்கொள்வதும் போதும்.

நல்ல சாலையிலும் உள்ள கெட்ட இடங்கள்

நான்குவழிச் சாலையின் தார் ஓரம் சிறுபாலங்களிலும் மேம்பாலங்களிலும் திடீரென்று குறுகிவிடும் அல்லது மறைந்துவிடும். பாலத்துக்கு நூறு மீட்டர் முன்பே திரும்பிப் பார்த்து, இடைவெளி கிடைத்தபின் ஏற வேண்டும். ஊர்களில் மேம்பாலம் வந்தால் பெரும்பாலும் கீழே சர்வீஸ் சாலையில் இறங்கிப் போய் மறுபுறம் ஏறுவது நல்லது. அங்கே எதிர்த்திசையில் வரும் பைக்குகளும், ஆட்களை ஏற்ற ஒதுங்கும் பேருந்துகளும் இருக்கும் என்றாலும் எல்லாமே மெதுவாக நகரும். புறவழிச்சாலை பிரியும் இடத்தில் நேரே போக வேண்டுமானால், நம் பின்னாலிருந்து இடப்பக்கம் இறங்கும் வண்டிகள் நம்மைக் குறுக்கே வெட்டும். அங்கே ஓட்டியபடியே கடக்க முயலாமல், பிரியும் சாலையில் சிறிது தூரம் உள்ளே போய் நின்று, இருபுறமும் பார்த்து நேராகக் குறுக்கே கடந்து மீண்டும் ஓரத்துக்கு வந்துவிட வேண்டும். மதுரைக்குத் தெற்கே நடுத்தடுப்பில் அரளிச்செடிகள் அடர்ந்திருக்கும் பகுதிகளில், இடைவெளி வழியாக டிராக்டரோ ஆட்டு மந்தையோ வெளிப்படுவது கடைசி நேரத்தில்தான் தெரியும்.

ஓரத்தில் கிடப்பவையும் கவனத்துக்குரியவை. வெடித்த லாரி டயரிலிருந்து சிதறும் மெல்லிய கம்பிதான் நெடுஞ்சாலைப் பஞ்சர்களுக்கு முக்கியக் காரணம். ராமநாதபுரம், சாயல்குடி, வேம்பார் வழியில் கம்பியின் இடத்தைச் சீமைக்கருவேல முள் பிடித்துக்கொள்ளும். அங்கே ஓய்வெடுக்கச் சைக்கிளை மண்ணில் உருட்டிச் செல்லாமல் தூக்கிச் செல்ல வேண்டும். கடைகளும் நிழலும் குறைந்த அந்தக் கடற்கரைப் பகுதியில் சந்திப்பிடங்களை நெருக்கமாக வைப்பது அவசியம்.

எப்போது வண்டியில் ஏற்றுவது

வாகனம் இருப்பதன் முழுப் பயன், மோசமான பகுதியைச் சைக்கிளில் கடக்காமலே விட்டுவிட முடிவதில்தான் இருக்கிறது. இதைச் சிலர் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள். முழுத் தூரத்தையும் மிதித்தே கடந்தோம் என்று சொல்ல வேண்டும் என்ற ஆசை புரிகிறது, ஆனால் கடலூரின் தொழிற்பேட்டைப் பகுதியையும் தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் சாலையையும் மிதித்துக் கடப்பதில் எந்தச் சாதனையும் இல்லை. எந்தெந்தப் பகுதியில் ஏற்றிக்கொள்வது என்பதைப் புறப்படும் முன்பே தீர்மானித்து எழுதிவிட வேண்டும். களத்தில் தீர்மானிக்கப் போனால் குழுவில் ஒருவர் ஏறமாட்டேன் என்பார், மற்றவர்கள் அவருக்காக இறங்குவார்கள். தூத்துக்குடியைத் தாண்டி இறக்கிக்கொண்டால், திருச்செந்தூர், உவரி, கூடங்குளம் வழியாகக் கன்னியாகுமரிவரை கடலை ஒட்டியே செல்லலாம். அந்தச் சாலையில் நான்குவழிச் சாலையின் இரைச்சல் இல்லை.

பின்புற கேரியரில் சைக்கிள்களை மாட்டும்போது நம்பர் பிளேட்டும் பின்விளக்குகளும் மறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாடகை வண்டி என்றால் ஓட்டுநரிடம் வேலையின் தன்மையை முன்கூட்டியே விளக்கிப் பேட்டாவைப் பேசிக்கொள்வது முக்கியம். நாள் முழுதும் நின்று நின்று போகும் வேலை அவருக்குப் புதிது. சலிப்பில் அவர் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போவார், அல்லது பரிவு மிகுந்து உங்கள் பின்னாலேயே வரத் தொடங்குவார். இரண்டும் வேண்டாம் என்று முதல்நாளே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

வண்டியின் முன்கண்ணாடி அருகே ஒரு தாளில், அன்றைய வழியில் உள்ள அரசு மருத்துவமனைகளின் பெயரும், ஆம்புலன்சுக்கான 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கான 1033 ஆகிய எண்களும், ஒவ்வொருவரின் ரத்தப் பிரிவும் எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். 108ஐ அழைப்பவர் கடைசியாகக் கடந்த கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும் ஊரையும் சொன்னால் ஆம்புலன்ஸ் தேடி அலையாது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் காயமடைபவர் எந்த ஊரைச் சேர்ந்தவராயினும், 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கும். ஆகவே பணம் புரட்டுவதற்காக எவரும் காத்திருக்காமல் அருகிலுள்ள மருத்துவமனைக்கே முதலில் கொண்டுசெல்ல வேண்டும். முதுகிலோ கழுத்திலோ அடிபட்டவரை மட்டும் வேனில் தூக்கிப்போடாமல், ஆம்புலன்ஸ் வரும்வரை அசைக்காமல் வைத்திருந்து, அதற்குள் வாகனத்தை அவருக்குச் சற்றுப் பின்னால் எச்சரிக்கை விளக்கோடு நிறுத்தி வரும் வண்டிகளை விலக்கிவிட வேண்டும்.